வெறும்பானை மேல வில்லு

அந்தக் காலத்துல மலைக்குக் காது இருந்துச்சு, மரத்துக்கு வாய் இருந்துச்சு, தவளைக்கு வாய்க்கொழுப்பு இருந்துச்சு. எல்லா உயிரும் ஒரே பாஷைதான் பேசுச்சு. ஒரே பாஷை பேசினா எல்லாரும் சமம்னு யாரும் நெனச்சுக்க வேண்டாம். யாரு சத்தமா பேசினாங்களோ அவங்க பேச்சுதான் பேச்சு.

மேற்கு மலை உச்சியில ஒரு சுனை. எந்தக் கோடையிலயும் வத்தாது. அந்தத் தண்ணியை யாருக்கு எவ்வளவுன்னு பிரிச்சு விடுறது மலைதான். அதுக்கு வருஷத்துல ஒரே ஒரு நாள், கோடை உச்சத்துல. அன்னைக்கு மட்டும் மலை காது குடுக்கும். கீழ இருக்குற பாறைத் திட்டுல நின்னு அவங்கவங்க குறையைச் சொல்லணும். மலைக்குக் காது மேல இருக்குற குகைதான், யாரு குரல் அதுக்குள்ள போய் விழுதோ அவங்களுக்குப் பங்கு. விழலன்னா அடுத்த வருஷம் வரணும், அதுவரைக்கும் உசுரோட இருந்தா.

இது ரொம்ப நியாயமான ஏற்பாடுன்னு யானை சொல்லும். யானை ஏன் சொல்லாது? ஒரு பிளிறு பிளிறினா மலைக்கு அந்தப் பக்கம் வரைக்கும் கேக்கும். புலிக்கு உறுமல், மயிலுக்கு அகவல். குடிக்கத் தண்ணி, குளிக்கத் தண்ணி, புரண்டு விளையாடச் சேறு, எல்லாத்தையும் கேட்டு வாங்கிட்டுப் போயிரும். முயல், உடும்பு, மனுஷன், இதுங்க எல்லாம் தொண்டை கிழியக் கத்திட்டு, பாறையில கசியுறதை நக்கிட்டு வீடு திரும்பும். மலை ஒண்ணும் கெட்டது இல்ல. அதுக்குக் கேக்கல, அவ்வளவுதான். காதுல எதுவும் விழாதவங்களுக்கு ஊரு உலகம் எல்லாம் நல்லா இருக்குற மாதிரிதான் தெரியும்.

மலைக்குக் கீழ பதினேழு வீட்டுல மனுஷங்க இருந்தாங்க. இலுப்பையடின்னு பேரு. அங்க முப்பிடாதின்னு ஒருத்தி. ரெண்டு வருஷமா மழை இல்ல. ஆத்து மணலைத் தோண்டி ஊத்துத் தண்ணி எடுத்துட்டு இருந்தாங்க. மொதல்ல முழங்கை ஆழம், பெறவு இடுப்பு ஆழம், பெறவு ஆளே இறங்கித் தோண்டுற ஆழம். அவ வீட்டுக்காரன் தளவாய் பதினோரு நாளாக் காய்ச்சல்ல கெடந்தான். ஒதடு வெடிச்சு, பேச்சு பாதியாப் போச்சு. தண்ணி மட்டும் ஒழுங்காக் குடுத்தா பொழைச்சுக்குவான். அந்தத் தண்ணிதான் இல்ல.

மலை காது குடுக்குறதுக்கு ரெண்டு நாளைக்கு முன்னாடி, முப்பிடாதி ஊத்துக்குப் போனா. காலையில இருந்து தோண்டினா. ஈர மண்ணு வந்துச்சு, தண்ணி வரல. வெறும்பானையைத் தலையில வச்சுக்கிட்டுத் திரும்பினா. வெறும்பானைதான், ஆனா என்னமோ கனத்துச்சு. உடம்பு ஓஞ்சு போச்சு, அதான் கனக்குதுன்னு நெனச்சுக்கிட்டா.

ஊருக்கு வெளிய இலுப்பை மரத்தடியில அதுக்கு மேல கால் நகரல. தலையில சுத்தி வச்ச துணிச் சும்மாட்டை எடுத்துக் கீழ போட்டு, அது மேல பானையை வச்சுட்டு, பக்கத்துல உக்காந்தா. கல்லுல வச்சா பானை விரிசல் விட்டுரும்னு சும்மாடு மேல வைக்கிற பழக்கம்.

அவ கொழுந்தன் சொரிமுத்து வேட்டைக்குப் போயிட்டு அந்த வழியா வந்தான். தோள்ல வில்லு. கையில ஒண்ணும் இல்ல.

"என்ன மதினி, பானையில நிலாச்சோறு ஆக்கப் போறீங்களா?"

"நீரு அடிச்சுட்டு வந்த மானைப் போட்டுக் கொழம்பு வைக்கலாம்னு இருக்கேன். எங்க மானு?"

"மானு என்னைப் பாத்து, பாவம்னு சொல்லிட்டுப் போயிருச்சு."

"அது சரி. அதுக்காவது உம்மைப் பாக்கத் தெம்பு இருக்கே."

ரெண்டு பேருக்கும் சிரிப்பு வரணும். வரல. அவனும் உக்காந்தான். வில்லைப் பானையோட வாய் மேல குறுக்கப் போட்டான். வேட்டைக்காரனுக்குக் கை சும்மா இருக்காது. நாணை ஒரு விரலால சுண்டி விட்டான்.

பானைக்குள்ள இருந்து ஒரு சத்தம் எழும்புச்சு. கோயில் காளை தூரத்துல நின்னு மூச்சு விட்ட மாதிரி, கனமா, நீளமா. இலுப்பை மரத்துல இருந்த மைனா ரெண்டும் பறந்து போச்சு.

"எவன்டா அவன், குடியிருக்குற வீட்டை இடிக்கிறவன்?" பானைக்குள்ள இருந்து ஒரு குரல்.

முப்பிடாதி எட்டிப் பாத்தா. உள்ள ஒரு தவளை. ஊத்து வத்தின உடனே, அவளுக்குத் தெரியாமப் பானையில ஏறி உக்காந்துருக்கு.

"உன்னையா நான் இவ்வளவு தூரம் சுமந்துட்டு வந்தேன்?"

"நான் ஒண்ணும் கேட்டு ஏறல. ஊத்தைத் தோண்டித் தோண்டி என் வீட்டைக் காலி பண்ணினது நீ. வேற வீடு குடுக்கணும்ல?"

சொரிமுத்து அதைக் காதுல வாங்கல. வில்லைக் கையில தூக்கிச் சுண்டினான். டிக். பக்கத்துல இருக்குறவங்களுக்கே பாதிதான் கேட்டுச்சு. பானை மேல வச்சுச் சுண்டினான். மறுபடியும் காளை மூச்சு. தூக்கினான், டிக். வச்சான், அதே கனத்த சத்தம். பானையைச் சும்மாட்டுல இருந்து எடுத்து மண்ணுல அழுத்தி வச்சுப் பாத்தான். சத்தம் பாதி செத்துப் போச்சு.

"ஒரே நாணு, ஒரே விரலு. இது என்ன வித்தை?"

"வித்தையும் இல்ல, விளக்கெண்ணெயும் இல்ல" அப்படின்னுச்சு தவளை. "உன் நாணு எவ்வளவு தடிமன் இருக்கும்? காத்துக்குள்ள அது ஆடினா, தண்ணியில ஊசியை ஆட்டுற மாதிரி. ஊசி ஆடினா குளம் அலை அடிக்குமா? காத்தை அறுத்துக்கிட்டு அது பாட்டுக்கு ஆடும், அவ்வளவுதான். பானை மேல வச்சா, நாணு வில்லை ஆட்டுது, வில்லு பானையை ஆட்டுது, பானைக்குள்ள இருக்குற காத்து மொத்தமும் ஒரே ஆளா எந்திரிச்சு ஆடுது. நான் பானைக்குள்ள கத்திப் பாத்தேன், என் குரலுக்கு நானே பயந்துட்டேன்."

முப்பிடாதி மலையை நிமிர்ந்து பாத்தா. ரொம்ப நேரம் பாத்தா.

"கொழுந்தனாரே, இது மேல வரைக்கும் போகுமா?"

"போகும் மதினி. யானைக்கு அடுத்தபடியா போகும்."

ரெண்டு பேரும் ஊருக்குள்ள போய்ச் சொன்னாங்க. ஊருக்குப் பெரியவரு நல்லமாடன். சடங்குல ஒரு முடி பிசகினாலும் ஊரு அழிஞ்சுரும்னு நெஜமாவே நம்புற மனுஷன். வில்லுச் சத்தத்தைக் கேட்டாரு, தலையை ஆட்டினாரு, சந்தோஷப்பட்டாரு. பெறவு பானையைப் பாத்தாரு.

"எல்லாம் சரி. வெறும்பானையாவா கொண்டு போறது?"

"ஆமா பெரியப்பா" அப்படின்னா முப்பிடாதி.

"எதிர்த்தாப்புல ஒருத்தி வெறும்பானையோட வந்தாலே போற காரியம் வெளங்காதும்பாங்க. நாம மலைக்கு முன்னாடி வெறும்பானையைக் கொண்டு போய் வைக்கிறதா? பிச்சை கேக்கப் போறோம்னு நெனைக்குமே."

"பிச்சை கேக்கத்தான போறோம்?"

"அதுக்காக? நிறைகுடமா, மாவிலை வச்சு, மரியாதையாப் போகணும். எந்தச் சபைக்கும் அதுதான் முறை."

"நெறைக்கிறதுக்குத் தண்ணி எங்க பெரியப்பா இருக்கு?"

"வீட்டுக்கு ஒரு செம்பு இருக்கும்ல. பதினேழு செம்பு. பானை நெறைஞ்சுரும்."

அந்தப் பதினேழு செம்புதான் ஊருல கடைசித் தண்ணி. அதுல ஒண்ணு தளவாய்க்கு வச்சிருந்த செம்பு. அதை எடுத்தா நாளைக்கு அவன் ஒதட்டுல என்ன தடவுறது? கேக்கணும்னு முப்பிடாதிக்கு வாய் வரைக்கும் வந்துச்சு. சுத்தி நின்ன எல்லாரும் பெரியவரு சொல்றதுக்குத் தலையை ஆட்டிட்டு இருந்தாங்க. சரின்னுட்டா. சண்டை போடுறதுக்கும் வாயில எச்சில் வேணும்.

வீடு வீடாத் தண்ணி வந்துச்சு. பானை கழுத்து வரைக்கும் நெறைஞ்சுச்சு. மஞ்சள் போட்டு, மாவிலை சொருகி, இது மலைக்குப் படைச்ச தண்ணி, இனிமே யாரும் தொடக் கூடாதுன்னு பெரியவரு சொல்லிட்டாரு. அதனால வில்லை வச்சு ஒரு தடவை சுண்டிப் பாக்கக் கூட யாருக்கும் தைரியம் இல்ல. தவளை அடியில இருந்துச்சு. அதுக்கு என்ன நடக்கப் போகுதுன்னு நல்லாவே தெரியும். ஆனா ஒரு வார்த்தை பேசல. தண்ணிக்குள்ள உக்காந்திருக்குறவன் எவன் வாயைத் திறந்திருக்கான், இது திறக்க.

அந்த நாளும் வந்துச்சு. நிறைஞ்ச பானையைத் தலையில சுமந்து முப்பிடாதி பாறைத் திட்டு ஏறினா. பதினேழு வீட்டுத் தாகத்தையும் தலை மேல வச்சுக்கிட்டு, ஒரு சொட்டு குடிக்காம ஏறினா. பின்னால ஊரே வந்துச்சு, தளவாயைத் தவிர.

திட்டுல எல்லா மிருகமும் கூடி இருந்துச்சு. சபையில பேரு கூப்பிடுறது இருவாச்சி. மூக்கு மேல ஒரு மூக்கை வச்சிருக்குற பறவை, அதுல அதுக்குக் கொஞ்சம் பெருமை. மொதல்ல யானையைக் கூப்பிட்டுச்சு. யானை தும்பிக்கையைத் தூக்கி ஒரு பிளிறு. மேல இருந்து மலை, "சரி" அப்படின்னுச்சு. போன வருஷத்தை விட அரைக் குளம் கூட. புலிக்குச் சரி, மயிலுக்குச் சரி. முயல் கத்துச்சு, பதில் இல்ல. உடும்பு கத்துச்சு, பதில் இல்ல.

"அடுத்து, இலுப்பையடி மனுஷங்க. மூணு வாய்ப்பு. மூணுக்கு மேல கிடையாது" அப்படின்னுச்சு இருவாச்சி.

முப்பிடாதி சும்மாட்டைப் போட்டு, பானையை வச்சு, வில்லை அது கழுத்துல சேத்துக் கட்டினா. சொரிமுத்து ஒரு அம்பைத் திருப்பிப் பிடிச்சு நாண் மேல அடிச்சான்.

டொக்.

ஈரக் கட்டையில தட்டின மாதிரி. பக்கத்துல நின்ன முயலுக்கே கேட்டுச்சோ என்னமோ. யானை காதை ஆட்டிக்கிட்டுக் கேட்டுச்சு, "யாரோ விக்கினாங்களா?" சபை சிரிச்சுச்சு.

"ஒண்ணு" அப்படின்னுச்சு இருவாச்சி.

சொரிமுத்துக்கு வேர்த்துப் போச்சு. நாண் தளர்ந்துருக்கும்னு வில்லை வளைச்சு இறுக்கிக் கட்டினான். ஓங்கி அடிச்சான். இந்தத் தடவை கீச்சுன்னு மேல ஏறின ஒரு சத்தம், காதோரம் கொசு போன மாதிரி. இறுக்கினா சத்தம் கூர்மை ஆகும், பெருசு ஆகாது. அது ரெண்டும் வேற வேற.

"ரெண்டு."

ஊரு சனம் தலையைக் குனிஞ்சு நின்னுச்சு. பெரியவரு மாவிலையைச் சரி பண்ணினாரு, அதுலதான் ஏதோ குத்தம்னு. அப்பத்தான் மாவிலைக்கு நடுவுல ரெண்டு கண்ணு தெரிஞ்சுச்சு. முப்பிடாதி குனிஞ்சு தவளையைப் பாத்தா.

"உனக்குத் தெரியும். சொல்லு."

"சொன்னா நீ ஊத்திருவ."

அவ்வளவுதான். அதுலயே அவளுக்கு எல்லாம் விளங்கிப் போச்சு. உள்ள ஆடுற காத்துக்கு இடம் எங்க இருக்கு? அந்த இடத்துலதான் தண்ணி வந்து உக்காந்துருக்கே. பதினேழு செம்பையும் ஊத்தி, ஊரே சேந்து அந்தப் பானையோட வாயை அடைச்சு வச்சிருக்கு, மரியாதைங்கிற பேர்ல.

வில்லை அவுத்து சொரிமுத்து கையில குடுத்தா. மாவிலையை எடுத்துக் கீழ வச்சா. பானையை ரெண்டு கையாலயும் தூக்கினா.

"ஏ பிள்ள, என்ன பண்ற?" பெரியவரு குறுக்க வந்தாரு. "படைச்ச தண்ணி அது. தொட்டா ஊருக்கு ஆகாது."

"ஊருக்கு ஆகுறதுக்கு இனிமே என்ன பெரியப்பா இருக்கு?"

சொல்லிட்டு மொதல்ல அவ குடிச்சா. எல்லாரும் பாக்க, சபைக்கு நடுவுல நின்னு, கழுத்து வழியா வழிய வழியக் குடிச்சா. பெறவு பக்கத்துல நின்ன முயலுக்குக் கையில ஊத்தினா. அது குடிச்சுச்சு. பானையைச் சும்மாட்டுல வச்சா. சொரிமுத்து வில்லை மேல வச்சு விரலால லேசாச் சுண்டினான். கொஞ்சம் பேசுச்சு, மெல்லிசா.

"அது மூணாவது" அப்படின்னுச்சு இருவாச்சி.

"அடிக்கிறதைத்தான் நீரு எண்ணணும். இவரு சொறிஞ்சாரு. சொறியுறதுக்கும் கணக்கா?" அப்படின்னா முப்பிடாதி.

இருவாச்சி மூக்கை மூடிக்கிச்சு.

உடும்பு குடிச்சுச்சு. ஊர்ப் பிள்ளைங்க குடிச்சாங்க. பொம்பளைங்க குடிச்சாங்க. தண்ணி இறங்க இறங்க சொரிமுத்து சுண்டிச் சுண்டிப் பாத்தான். கீச்சுக் குரல் மெல்லக் கீழ இறங்குச்சு. தண்ணி விட்டுட்டுப் போன இடத்துல காத்து வந்து உக்காந்துச்சு, காத்து கூடக் கூட சத்தம் தடிச்சுச்சு. முக்கால் பானையில பூனை மாதிரி இருந்தது, அரைப் பானையில கன்னுக்குட்டி மாதிரி ஆச்சு.

அடியில ஒரு செம்புத் தண்ணி மிச்சம். முப்பிடாதி கை நின்னுருச்சு.

"மதினி, இதை அண்ணனுக்கு வச்சுக்குவோம்" சொரிமுத்து மெல்லச் சொன்னான். "இவ்வளவு சத்தம் போதும்னு நெனைக்கேன்."

"நெனைக்கிறீரா, தெரியுமா?"

அவ மலையைப் பாத்தா, பானையைப் பாத்தா. அந்த ஒரு செம்பு நாளைக்கு மத்தியானம் வரைக்கும் வரும். அதுக்கு அப்புறம்? யோசிக்கக் கூடத் தெம்பு இல்ல, அவ்வளவு அலுப்பு. தண்ணியைத் தேடி, தண்ணியைச் சுமந்து, தண்ணியைப் பொத்திப் பொத்தி வச்சே ஓஞ்சு போன உடம்பு அது.

பானையைப் பெரியவரு முன்னாடி கொண்டு போனா. அவரு மட்டும் இன்னும் குடிக்கல. கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு நின்னாரு.

"குடிங்க பெரியப்பா."

"பாவம் பிள்ள."

"உங்க நாக்கும் வறண்டுதான கெடக்கு. பாவம் என் பேர்ல இருக்கட்டும், தண்ணியை நீங்க குடிங்க."

கண்ணைத் திறக்காமலே குடிச்சாரு. கடைசி வரைக்கும் குடிச்சாரு.

"நீயும் எந்திரி" அப்படின்னா தவளையைப் பாத்து.

"நான் எங்க போவேன்?"

"தண்ணி வந்தா வீடு வரும். வரலன்னா ரெண்டு பேருக்குமே வீடு வேண்டாம்."

தவளை முணுமுணுத்துக்கிட்டே வெளிய குதிச்சுச்சு. முப்பிடாதி முந்தானையை உள்ள விட்டு ஈரம் இல்லாமத் துடைச்சா. சும்மாடு, சும்மாட்டு மேல பானை, பானை மேல வில்லு. இறுக்கிக் கட்டினா.

"இப்ப அடியும்."

சொரிமுத்து அடிச்சான்.

மொதல்ல கால்ல தெரிஞ்சுச்சு, பெறவுதான் காதுல. நாண் அதிர்ந்து, வில்லு அதிர்ந்து, பானை அதிர்ந்து, பானை வயித்துக்குள்ள இருந்த காத்து புரண்டு எழுந்து வெளிய வந்துச்சு. பாறைத் திட்டைத் தாண்டுச்சு, மரங்களைத் தாண்டுச்சு, யானை காது ரெண்டும் ஆடாம நின்னுச்சு. மேல குகைக்குள்ள போய் விழுந்து, அங்க ஒரு சுத்து சுத்திட்டுத் திரும்பி வந்துச்சு.

"யாரது?" அப்படின்னுச்சு மலை.

காது திரும்பிருச்சு. ஒரு தடவை திரும்பின காதுக்கு மெல்லப் பேசினாலும் போதும். முப்பிடாதி நின்னபடி பேச முடியாம உக்காந்துட்டா. உக்காந்தபடியே பேசினா. அவளுக்குக் குரல் தேயுற எடத்துல எல்லாம் சொரிமுத்து வில்லைத் தட்டினான்.

"நாங்க இலுப்பையடி. பதினேழு வீடு."

"ஆமா" அப்படின்னான் சொரிமுத்து.

"ரெண்டு வருஷமா மழை இல்ல."

"ஆமா."

"யானை குளிக்குது. நாங்க குடிக்கல. இந்த முயல் குடிக்கல, உடும்பு குடிக்கல."

"ஆமா."

"எங்க வீட்டுல ஒரு ஆளு பதிமூணு நாளாக் கெடக்காரு. அவருக்கு வச்சிருந்த தண்ணியையும் இப்பத்தான் குடிச்சு முடிச்சோம், இந்தச் சத்தத்துக்காக."

இந்தத் தடவை சொரிமுத்து ஆமான்னு சொல்லல. வில்லை மட்டும் தட்டினான்.

மலை கேட்டுச்சு, "இத்தனை வருஷமா எங்க போனீங்க?"

"எங்கயும் போகல. இங்கதான் நின்னோம்."

யானை தரையைப் பாத்துச்சு. பாறை இடுக்குல கல்லு நகருற சத்தம் கேட்டுச்சு. மேல எங்கயோ ஒரு வழி திறந்து, கை மணிக்கட்டுத் தடிமன்ல தண்ணி இறங்கி வந்துச்சு. ஆறு மாதிரி எல்லாம் இல்ல. மணிக்கட்டுத் தடிமன்தான். ஆனா நிக்காம வந்துச்சு.

"இது உங்களுக்கும் முயலுக்கும் உடும்புக்கும்" அப்படின்னுச்சு மலை. "இனிமே குறை இருந்தா எந்த நாள்லயும் வரலாம். ஆனா வரும்போது இதே பானையோட வாங்க, வெறும்பானையா. நிறைச்சு, மூடி, அலங்காரம் பண்ணிக் கொண்டு வந்தா எனக்கு ஒண்ணும் கேக்காது."

முப்பிடாதி வில்லை அவுத்துக் கொழுந்தன் கையில குடுத்தா. பானையைத் தண்ணியில காட்டினா. நெறைஞ்ச பானையைத் தூக்கித் தலையில வச்சுக்கிட்டு எல்லாருக்கும் முன்னாடி இறங்கினா. வீட்டுல தளவாய் கண்ணு சொருகிக் கெடந்தான். தலையைத் தூக்கி மடியில வச்சு, சங்குல மொண்டு மொண்டு ஊத்தினா. மொதல்ல ரெண்டு வாய் வெளிய வழிஞ்சுச்சு. மூணாவது வாய் உள்ள போச்சு.

"இனிக்குது" அப்படின்னான் அவன்.

"பேசாமக் குடியும்" அப்படின்னா அவ.

ஊரு கொண்டாடுச்சான்னு கேட்டா, இல்ல. எல்லாரும் வயிறு நெறையக் குடிச்சுட்டு, கெடந்த எடத்துல கெடந்து தூங்கினாங்க. அடுத்த மாசம் யாரு வயலுக்கு எவ்வளவு தண்ணின்னு ஒரு வழக்கு வந்துச்சு. பெரியவரு நல்லமாடனே வந்து, முப்பிடாதி வீட்டு வாசல்ல நின்னு, அந்தப் பானையைக் காலி பண்ணித் தாம்மான்னு கேட்டாரு.

அன்னையில இருந்துதான், எந்தக் கோயில் கொடைத் திருவிழாவுல வில்லுப்பாட்டு நடந்தாலும், ஒருத்தர் சொல்லச் சொல்லப் பக்கத்துல ஒருத்தர் ஆமா போடுறாரு. சுத்தி எத்தனை நிறைகுடம் இருந்தாலும், வில்லுக்கு அடியில மட்டும் ஒரு சொட்டு ஈரம் இல்லாத வெறும்பானையைத்தான் வைக்கிறாங்க.